மூன்றாவது தடவை

தாராபுரத்தில் ஒருவர் ‘வேண்டாம்’ என்று சொன்னால் முதல் தடவையிலேயே யாரும் நம்பிவிட மாட்டார்கள். நம்பினால் அது மரியாதைக் குறைவு. வீட்டுக்கு வந்தவரிடம் காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால், “இப்பத்தானுங்க குடிச்சுட்டு வந்தேன்” என்பார். இன்னொரு முறை கேட்டால், “உங்களுக்கு எதுக்குங்க செரமம்” என்பார். மூன்றாவது முறை கேட்டால், “சரி, அரை டம்ளர் போதுமுங்க” என்று இழுத்துவிட்டு முழு டம்ளரையும் குடித்துவிட்டுப் போவார். முதல் தடவையோடு விட்டுவிட்ட வீட்டுக்காரரைப் பற்றி அவர் தெருமுனையில் என்ன பேசுவார் என்பதை அச்சில் போட முடியாது.

சம்மதக்குரலைச் செய்தவர்கள் தாராபுரத்தில் காபி குடித்ததில்லை. அதுதான் சிக்கல் என்று லோகநாதன் நினைத்தான்.

லோகநாதனுக்கு முப்பத்தைந்து வயது. பதினோரு வருஷமாக ஆம்புலன்ஸில் முதலுதவிப் பணியாளன். வண்டி ஓட்டுபவர் ஜமால். இவர்கள் இருவரும் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மயங்கிக் கிடப்பவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. தூக்குவார்கள், ஊசி போடுவார்கள், கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். எழுந்திருக்கவே வழியில்லாதவர்களையும், ‘எனக்கு ஒன்று ஆனால் விட்டுவிடுங்கள்’ என்று முன்பே கெஞ்சி வைத்தவர்களையும் குழாய் சொருகி மாதக்கணக்கில் படுக்க வைத்திருந்தார்கள். அதை எதிர்த்து ஜனங்கள் போராடினார்கள். சிகிச்சை வேண்டாமென்று முன்பே எழுதி வைத்தால் செல்லும் என்று சட்டம் வந்தது. சொத்துக்காகப் பெற்றவர்களின் கட்டைவிரலில் மை தடவி அழுத்திக்கொண்ட பிள்ளைகள் சிலரால் அந்தக் காகிதமும் செல்லாமல் போயிற்று.

அதற்குப் பிறகு வந்ததுதான் சம்மதக்குரல். காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிற, மிளகு அளவுள்ள ஒரு வில்லை. ஒருவர் பேசுவதையெல்லாம் வருஷக்கணக்காகக் கேட்டு அவரைப் போலவே யோசிக்கப் பழகும். அவர் நினைவு தப்பி விழுந்தால், அவருக்குப் பதிலாக அவர் குரலிலேயே பேசும். ஊர்க்காரர்கள் அதற்கு மாத்துவாய் என்று பெயர் வைத்தார்கள். பணியாளர் தன் கைப்பலகையை அதன் அருகே வைத்து ஒரே ஒருமுறை கேட்க வேண்டும். பலகையில் பச்சை விழுந்தால் சிகிச்சை. சிவப்பு விழுந்தால் தொடக் கூடாது. மறுபடி கேட்டால் அது வற்புறுத்தல். வேலை போகும், ஜெயிலும் உண்டு.

அப்படி ஒன்பது பேரைத் தொடாமல் விட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறான் லோகநாதன். திரும்பும் வழியெல்லாம் அவன் கை சும்மா இருக்காது. பெட்டியைத் திறப்பான், மூடுவான், மருந்துக் குப்பிகளை எடுத்து எடுத்து வைப்பான்.

“அந்தப் பெட்டிய விட்டுருடா, அது என்ன பாவம் பண்ணுச்சு?” என்பார் ஜமால்.

ஒரு புதன்கிழமை காலை பத்தரைக்கு அழைப்பு வந்தது. பழைய மில்லுக்குப் பின்னால் உள்ள தெரு. வீட்டுக்காரப் பெண் ஹரிணி வாசலிலேயே நின்று அழுதுகொண்டிருந்தாள். உள்ளே கிரைண்டருக்குப் பக்கத்தில் அவளுடைய அம்மா துளசிமணி சரிந்து கிடந்தார். அறுபத்தொரு வயது. கையில் மாவு காயத் தொடங்கியிருந்தது.

“காலையில இருந்தே தலை வலிக்குதுன்னாங்கண்ணா. ஆஸ்பத்திரி போலாம்மான்னேன். வேண்டாங்கண்ணு, சரியாப் போயிரும்னாங்க. மாவு வழிக்கறப்ப அப்படியே சாஞ்சுட்டாங்க.”

லோகநாதன் மூளையைச் சோதிக்கும் தொப்பியைத் துளசிமணியின் தலையில் மாட்டினான். மூளையில் இடப்பக்கம் ரத்தம் கட்டி அடைத்திருந்தது. அதைக் கரைக்கும் ஊசி வண்டியிலேயே இருந்தது. சீக்கிரம் போட்டால் பிழைத்துக்கொள்வார். அவர் விழுந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. பலகையை எடுத்துக் காதோரம் வைத்தான்.

“அம்மா, ஆம்புலன்ஸ்ல இருந்து வந்திருக்கறோமுங்க. உங்களுக்கு மூளையில ரத்தம் கட்டியிருக்குது. ஊசி போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாங்களா?”

பலகையிலிருந்து துளசிமணியின் குரல் வந்தது. மயங்கிக் கிடப்பவரின் குரலாக இல்லை. அடுப்படியிலிருந்து பேசுகிற குரலாக இருந்தது.

“வேண்டாமுங்க தம்பி. சரியாப் போயிரும்.”

சிவப்பு விழுந்தது. ஹரிணி சுவரில் தலையை முட்டிக்கொண்டாள்.

லோகநாதன் எழுந்திருக்க வேண்டும். அவனால் முடியவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் அம்மாவும் இதே மாதிரிதான் சொன்னாள். நெஞ்சைப் பிசைவது போலிருக்கிறது என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்றான். வேண்டாம் சாமி, நீ சாப்பிடு என்றாள். ஊரார் உயிரையெல்லாம் காப்பாற்றுகிறவன், அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ எழுந்தபோது அவள் அடுப்படியில் செத்துக் கிடந்தாள். ஒருமுறைதான் கேட்டிருந்தான். இன்னொரு முறை கேட்டிருந்தால் வந்திருப்பாள். இந்த நினைப்பு வராத நாளே அவனுக்குக் கிடையாது.

“அம்மா, இன்னொருக்கா கேக்கறனுங்க” என்றான்.

“டேய் லோகு, வேண்டாம்டா. எல்லாம் பதிவாகுது” என்றார் ஜமால்.

“இது பெரிய வியாதிங்கம்மா. ஊசி போட்டாச் சரியாயிரும். போலாங்களா?”

“எனக்கெதுக்குங்க தம்பி. உங்களுக்கு வேற செரமம்.”

ஜமால் தலையில் கை வைத்துக்கொண்டார். லோகநாதன் பலகையை இன்னும் நெருக்கிப் பிடித்தான். குரல் தானாகக் குழைந்தது. அம்மாவிடம் பேசியிருக்க வேண்டிய குரல் அது.

“நாங்க எதுக்கும்மா இருக்கறோம்? உங்க புள்ள அழுதுட்டு நிக்குது பாருங்க. ஒண்ணும் ஆகாதுங்க, நான் பாத்துக்கறேன். போலாங்களா?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “சரி... உங்க இஷ்டமுங்க” என்றது குரல்.

பச்சை விழுந்தது. ஊசி ஏறியது. துளசிமணி பிழைத்தார். மறுநாளே லோகநாதனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

விசாரணை கோயம்புத்தூரில், சம்மத ஆணையத்தின் அலுவலகத்தில் நடந்தது. விசாரித்தவர் வைதேகி என்ற அதிகாரி. பக்கத்தில் வில்லையைச் செய்த குழுவிலிருந்து மித்ரன் என்ற என்ஜினியர் உட்கார்ந்திருந்தான். மூவருமாக அன்று நடந்த பதிவை மூன்று முறை கேட்டார்கள்.

“விதி தெரியாதா உங்களுக்கு?” என்றார் வைதேகி.

“தெரியுமுங்க மேடம்.”

“தெரிஞ்சும் மூணு தடவை கேட்டிருக்கீங்க.”

“எங்க ஊர்ல மொதோ தடவை சொல்ற வேண்டாம் பதிலே இல்லீங்க மேடம். அது ஒரு மரியாதை. அதை வெச்சு ஒருத்தரைச் சாகவிட முடியுங்களா?”

வைதேகி மித்ரனைப் பார்த்தார். மித்ரனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. என்ஜினியர்களுக்குத் தங்கள் கருவியைப் பற்றிப் பேசக் கிடைத்தால் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதே மறந்துபோகும்.

“அது வார்த்தைய மட்டும் பிடிச்சுக்கிட்டுப் பதில் சொல்றதில்ல சார். ஒருத்தர் சொன்னதுக்கு அப்புறம் என்ன செய்றாங்கன்னு பார்க்கும். சொல்றதைவிடச் செய்றதைத்தான் அதிகம் நம்பும். ஏன்னா கோவத்துல ஜனங்க என்ன வேணா சொல்வாங்க. செத்துப்போறேன்னு சொல்லிட்டு சீரியல் பார்ப்பாங்க.”

“வேண்டாம்னு சொல்லிட்டு மூணாவது தடவை காபி குடிச்சா?”

“குடிச்சதைத்தான் எடுத்துக்கும்.”

“அப்ப மூணாவது தடவை வர்றதுதான் நெஜமான பதிலுங்களா?”

மித்ரன் கொஞ்சம் தயங்கினான். “இதுல இருக்கிற தரவு அப்படித்தான் சொல்லுது.”

“அப்பறம் எதுக்குங்க ஒருக்காவோட நிறுத்தச் சொல்றீங்க?”

வைதேகி பேனாவை மூடி வைத்தார். அன்றைக்கு விசாரணை அதோடு முடிந்தது.

இறந்தவர்களின் மாத்துவாய்களை ஆணையம் ஐந்து வருஷம் பத்திரப்படுத்தி வைத்திருக்கும். ஒருமுறை கேட்டு, வேண்டாமென்று சொல்லி, தொடப்படாமல் செத்தவர்களின் வில்லைகளை எடுத்து அவற்றிடம் மறுபடியும் கேட்டுப் பார்த்தார்கள். செத்துப் போனவர்கள் ஒரு கண்ணாடி அறைக்குள்ளிருந்து பதில் சொன்னார்கள். நாலில் மூன்று பேர் மூன்றாவது தடவை ‘சரி’ என்றார்கள். இந்தச் செய்தி வெளியே வந்த அன்று ஆணையத்தின் வாசலில் கூடிய கூட்டத்தை லோகநாதன் ஆயுசுக்கும் மறக்க மாட்டான். ஒரு கிழவர் காவலாளியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “எம் பொண்டாட்டி வர்றேன்னு சொல்லியிருக்கறா, நீங்க கேக்கவே இல்லியே” என்று கத்தினார். லோகநாதன் தொடாமல் விட்ட ஒன்பது பேரில் ஏழு பேர் சரி என்று சொல்லியிருந்தார்கள். பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தான். பல்லடம் வருவதற்குள் நான்கு முறை எடுத்துப் பார்த்துவிட்டான்.

சட்டம் மாறியது. மும்முறை விதி என்று பெயர். முதல் கேள்வியைப் பணியாளர் கேட்பார். பதில் வேண்டாமென்றால் இரண்டாவதையும் மூன்றாவதையும் பலகையே கேட்டுவிடும். பணியாளர் சோம்பேறித்தனத்தால் விட்டுவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்தார்கள். யார் குரலில் கேட்பது என்று பேச்சு வந்தபோது மித்ரன்தான் சொன்னான், அன்றைய பதிவில் இருந்த குழைவு யாருக்கும் வராது என்று. லோகநாதனைக் கூப்பிட்டு ஓர் அறையில் உட்கார வைத்து இருநூறு விதமாகக் கேட்கச் சொல்லிப் பதிவு செய்தார்கள்.

அவனுக்கு வேலை திரும்பக் கிடைத்தது, பேரும் கிடைத்தது. வேறு ஊர் ஆம்புலன்ஸ்காரர்கள் போன் செய்து, “அண்ணா, இன்னிக்குக் கரூர்ல ஒரு பெரியவர நீங்கதான் சம்மதிக்க வெச்சீங்க” என்று சிரித்தார்கள்.

“எல்லா வண்டியிலயும் நீதான்டா பேசற. எனக்குத்தான் உன்கிட்ட இருந்து ஒரு டீ வாங்கிக் குடிக்க முடியல” என்றார் ஜமால்.

லோகநாதனின் கை பெட்டியை நோண்டுவது நின்றிருந்தது. ஏழு பேரை விட்டதற்கு ஈடாக எழுநூறு பேர் வருவார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

ஐந்து மாதம் கழித்து ஹரிணி போன் செய்தாள். “அம்மா இப்பப் பேசறாங்கண்ணா. உங்களப் பாக்கணும்னு சொல்லிட்டே இருக்கறாங்க. ஒருநாள் வீட்டுக்கு வாங்க.”

நன்றி சொல்லக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து ஒரு டஜன் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனான். சாயங்காலம் நாலு மணி. ஹரிணி வாய் கொள்ளாத சிரிப்போடு அவனை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்துவிட்டு, மருந்துக் கடை வரை போய் வருவதாகச் சொல்லிக் கிளம்பினாள்.

துளசிமணி ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். வலது கை மடியில் அசையாமல் கிடந்தது. வாய் ஒருபக்கம் இழுத்திருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினார். ஆனால் கண் தெளிவாக இருந்தது.

“நீங்கதானுங்களா... அன்னிக்கு வந்தது?”

“ஆமாங்கம்மா. இப்ப எப்படி இருக்குதுங்க?”

“நான் வேண்டாம்னு... சொன்னனுங்களே தம்பி” என்றார்.

லோகநாதன் சிரிக்கப் பார்த்தான். “அது உங்க மாத்துவாய் சொன்னதுங்கம்மா. எல்லாரும் மொதல்ல அப்படித்தான்...”

“மாத்துவாய் இல்ல. நாந்தான்.” இடது கையால் அறையின் மூலையைக் காட்டினார். அங்கே சாய்க்கும் வசதியுள்ள பழைய இரும்புக் கட்டில் ஒன்று சுவரோடு நிறுத்தியிருந்தது. “எங்க வீட்டுக்காரர் அதுல பதினோரு வருஷம் கெடந்தாரு. இதே வியாதி. காப்பாத்திட்டோம்னு சொல்லித்தான்... கொண்டாந்து போட்டாங்க. பேச்சில்ல. ஒருநாளு என்னையப் பாத்து ஒரு கைய மட்டும் தூக்கிக் கும்பிட்டாரு. விட்டுருன்னு. என்னால விட முடியல. அவரு போன அன்னிக்கு முடிவு பண்ணுனேன். எனக்கு இது வேண்டாம்.”

லோகநாதன் கட்டிலைத் திரும்பிப் பார்த்தான். “புள்ளகிட்டச் சொல்லியிருக்கலாமேங்கம்மா.”

“அவ அழுவா. அதனால இதுகிட்டச் சொன்னேன்.” காதின் பின்னால் தொட்டுக் காட்டினார். “தெனமும் மொட்டமாடியில துணி காயப்போடறப்பச் சொல்லுவேன். எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா விட்டுருன்னு. மூணு வருஷம் சொன்னேன். அது சரியாத்தான சொல்லுச்சு? நீங்கதான நம்பல?”

“மூணாவது தடவை சரின்னீங்களேம்மா.” சொல்லும்போதே அவன் குரல் இறங்கிவிட்டது.

துளசிமணி சிரித்தார். அந்தச் சிரிப்பு முகத்தின் பாதியில்தான் வந்தது. “மூணாவது தடவை நான் எதுக்குத் தம்பி சரின்னு சொல்லாம இருந்திருக்கறேன்? கல்யாணம் வேண்டாம்னேன். எங்கப்பா மூணாவது தடவை கேட்டாரு, சரின்னேன். மில் வேலைய விடமாட்டேன்னேன். மாமியார் மூணாவது தடவை கேட்டாங்க, விட்டுட்டேன். மனசு மாறி இல்லீங்க. கேக்கறவங்க மூஞ்சி வாடிரும். அதைப் பாக்க முடியாது. அதுக்காகச் சொல்றது.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “அது என்னையத் தப்பாப் படிக்கல. நல்லாத்தான் படிச்சிருக்குது.”

தெருவில் யாரோ தண்ணீர் லாரிக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். லோகநாதன் ஆப்பிள் பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. காப்பாற்றிவிட்டோம் என்று ஐந்து மாதமாக நிமிர்ந்து நடந்ததெல்லாம் நினைவுக்கு வந்து வெட்கம் பிடுங்கித் தின்றது.

“இப்ப மாத்துவாயப் பழக்கிட்டு இருக்கறேன்” என்றார் துளசிமணி. “மூணு தடவையும் வேண்டாம்னு சொல்ல. புள்ள கஞ்சி கொண்டாந்தா வேண்டாம்ங்கறேன். மறுக்காவும் வேண்டாம்ங்கறேன். போன வாரம் மூணாவது தடவையும் சொன்னேன். கரண்டியக் கீழ வெச்சுட்டு அழுதுட்டா. குடிச்சுட்டேன்.”

“அம்மா, நான் பண்ணுனது தப்புங்க” என்றான் லோகநாதன்.

“தப்புன்னு சொல்ல வரல. உங்க மூஞ்சியப் பாத்தா நல்ல பையனாத் தெரியுது. உங்க வீட்லயும் யாரோ வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிருப்பாங்க.” அவனுக்குக் கண் நிறைந்தது. அவர் அதைப் பார்க்காதவர் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “இது மறுபடியும் வருமாம். டாக்டர் சொன்னாரு. இந்தப் பக்கத்துக்கு நீங்கதான வருவீங்க?”

“ஆமாங்க.”

“அப்ப ஒருக்கா கேளுங்க தம்பி. போதும்.”

அவர் கையைப் பிடித்துக்கொண்டு சரி என்று சொன்னான். சொன்னபோது மனசாரத்தான் சொன்னான்.

அந்த வாரமே ஆணையத்துக்கு மூன்று பக்கத்தில் எழுதினான். தங்கள் அனுபவம் கவனத்தில் கொள்ளப்பட்டது, மும்முறை விதியால் பிழைத்தவர்களின் எண்ணிக்கையை இத்துடன் இணைத்துள்ளோம் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. எண்ணிக்கை பெரிதாகத்தான் இருந்தது. அவனால் அதோடு சண்டை போட முடியவில்லை. அந்தக் கிழவரின் பெண்டாட்டி மாதிரி எத்தனை பேர் அதில் இருப்பார்கள். துளசிமணி மாதிரி எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை மட்டும் யாரும் எண்ணவில்லை. எண்ணுவதற்கு வழியும் இல்லை. இருவரும் ஒரே மாதிரிதான் ‘சரி’ என்கிறார்கள்.

மித்ரனுக்குப் போன் செய்து கேட்டான். “மனசார வர்ற சரியையும், பாவம் பாத்து வர்ற சரியையும் உங்க வில்லை பிரிச்சுப் பாக்காதுங்களா?”

“எதை வெச்சு சார் பிரிக்கிறது? ரெண்டுலயும் காபி காலியாயிடுதே” என்றான் மித்ரன். அவன் கிண்டல் செய்யவில்லை. உண்மையிலேயே யோசித்துத்தான் சொன்னான்.

லோகநாதனுக்கு நிலைகொள்ளாமல் போயிற்று. வண்டியில் பலகை அவன் குரலில் பேசத் தொடங்கும்போதெல்லாம் இறங்கி வெளியே போய் நின்றுகொண்டான். யாராவது ‘சரி’ என்றால் அது எந்தச் சரி என்று தெரியாமல் தவித்தான். கை மறுபடியும் பெட்டியைத் திறந்து திறந்து மூடியது. ஜமால் இப்போது கிண்டல் செய்வதில்லை.

புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு அந்த முகவரி திரையில் வந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜமால் வண்டியை எடுத்தார். லோகநாதன் வழியெல்லாம் ஒரே வரியை மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தான்: ஒருமுறை கேட்க வேண்டும், பிறகு எழுந்துவிட வேண்டும்.

“வந்துட்டீங்களாண்ணா!” ஹரிணி ஓடிவந்தாள். அழுகைக்கு நடுவிலும் அவள் முகத்தில் தைரியம் வந்துவிட்டது. “நீங்க வந்துட்டீங்க, இனிப் பயமில்ல.”

துளசிமணி சக்கர நாற்காலியிலேயே சாய்ந்திருந்தார். கண் பாதி மூடியிருந்தது. கீழே இறக்கிப் படுக்க வைத்தார்கள். தொப்பியை மாட்டிப் பார்த்தான். இந்த முறை பெரிய ரத்தக்கட்டி. ஊசி போட்டால் உயிர் நிற்கும். உயிர் மட்டும்தான் நிற்கும் என்பதும் அவனுக்குத் தெரிந்தது.

பலகையைக் காதோரம் வைத்தான். குரலில் குழைவு வராமல் பார்த்துக்கொண்டான்.

“அம்மா, லோகநாதன் வந்திருக்கறனுங்க. ஊசி போடலாங்களா, வேண்டாங்களா?”

“வேண்டாந் தம்பி.”

தயக்கம் இல்லை. சரியாகப் போய்விடும் என்ற சமாதானமும் இல்லை. அவரே நேரில் சொன்ன மாதிரி இருந்தது.

“சரிங்கம்மா” என்றான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான். பலகையை அணைக்கப் பொத்தானை அழுத்தினான். அணையவில்லை. மூன்று கேள்வியும் முடியும்வரை அது அணையாது. பலகையிலிருந்து அவனுடைய குரலே வந்தது.

“இது பெரிய வியாதிங்கம்மா. ஊசி போட்டாச் சரியாயிரும். போலாங்களா?”

“வேண்டாமுங்க. உங்களுக்கு எதுக்குச் செரமம்.”

லோகநாதன் குனிந்து துளசிமணியின் காதுக்கு அருகே போனான். ஹரிணிக்குக் கேட்குமே என்றெல்லாம் அவன் யோசிக்கவில்லை. “அம்மா, சரின்னு சொல்லாதீங்க. யார் மூஞ்சியும் வாடாது. நீங்க சொல்லாதீங்க.”

“நாங்க எதுக்கும்மா இருக்கறோம்?” என்றது பலகை, அவன் அம்மாவுக்காகச் சேர்த்து வைத்திருந்த அத்தனை கனிவோடும். “உங்க புள்ள அழுதுட்டு நிக்குது பாருங்க. ஒண்ணும் ஆகாதுங்க, நான் பாத்துக்கறேன். போலாங்களா?”

பதில் வரவில்லை. போன தடவையை விட நேரம் ஆனது. கஞ்சிக் கரண்டிக்கு முன்னால் அவர் பழகிக்கொண்டதெல்லாம் அந்த மௌனத்தில் இருந்தது.

“சரி” என்றது துளசிமணியின் குரல். “உங்க இஷ்டமுங்க.”

பச்சை விழுந்தது. ஹரிணி கையெடுத்துக் கும்பிட்டாள். தரையில் துளசிமணியின் முகம் சற்றும் மாறாமல் இருந்தது. இரண்டு மாத்துவாய்கள் பேசி முடிவு செய்துவிட்டன. அவரையும் யாரும் கேட்கவில்லை, அவனையும் யாரும் கேட்கவில்லை.

“ஊசியப் போடு தம்பி, தூக்கலாம்” என்றார் ஜமால், ஸ்ட்ரெச்சரை விரித்தபடி.

“வேண்டாம் பாய்.”

“என்னடா வேண்டாம்? பச்சை விழுந்துருச்சு. நேரம் ஓடுது.”

“அவிங்க என்கிட்ட நேர்ல சொன்னாங்க பாய். ஒருக்கா கேட்டாப் போதும்னு சொன்னாங்க. நான் கேட்டுட்டேன்.”

ஜமாலின் கை அப்படியே நின்றுவிட்டது. ஹரிணிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு மெதுவாகப் புரிந்தது. அவள் அவனுக்கு எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள். அழுகை நின்றுபோயிருந்தது.

“எங்கம்மாண்ணா” என்றாள். “நீங்கதான கேட்டீங்க? உங்க கொரல்தான? இப்ப வேண்டாம்ங்கறீங்களாண்ணா?”

அவள் முகம் வாடுவதை லோகநாதன் பார்த்தான். பார்க்காமல் இருக்க வேண்டும் என்று நினைத்தான். முடியவில்லை. மடியில் இருந்த தொப்பியை எடுத்துக் கீழே வைத்தான்.

“சரி” என்று சொல்லிவிட்டு ஊசியை எடுத்தான்.